கடலும் சக்கரமும் கால்களும்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்து நின்றவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். அந்த இறங்குதுறையை மனதால் கடலுக்குள் நீட்டிக்கொண்டே போங்கள். கரையில் நிற்பவர் எறும்பளவு தெரியும்வரை, ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரம் நீட்டுங்கள். அப்படியொரு மரப்பாலம் மேற்கு அவுஸ்திரேலியாவில், பஸ்செல்டன் என்ற சிறு பட்டினத்தில் இருக்கிறது.

பேர்த் நகரிலிருந்து தெற்கே சுமார் 220 கிலோமீற்றர் போனால் பஸ்செல்டன் வரும். எங்கள் தீவைச் சூழ்ந்திருக்கும் அதே இந்து சமுத்திரம்தான் அங்கும். ஆனால் அந்த இடத்தில் அது ஒரு பெரிய குடாவுக்குள் ஒதுங்கி அமைதியாகக் கிடக்கிறது. குடா ஆழமில்லாதது. கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஆகவே 1865ஆம் ஆண்டு அங்கே ஓர் இறங்குதுறையைத் திறந்து, கப்பல் நிற்கக்கூடிய ஆழம் வரை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கொண்டே போனார்கள். இன்று அதன் நீளம் 1841 மீற்றர்.

1972இல் துறைமுகம் மூடப்பட்டது. 1978இல் 'அல்பி' என்ற சூறாவளி பாலத்தின் கரைப்பக்கப் பகுதியை அடித்துக்கொண்டு போனது. இனி இது எதற்கு என்று விட்டுவிடாமல் ஊர்மக்கள் பணம் சேர்த்தார்கள், அரசிடம் கேட்டார்கள், திருத்தினார்கள். 1999இல் ஒரு பகுதி தீயில் எரிந்தது. மறுபடியும் திருத்தினார்கள். பெரிய புனரமைப்பு முடிந்து 2011இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் சிறிய ரயில் ஒன்று ஓடுகிறது. கடைசி முனையில் கடலின் அடிவரை இறங்கி, கண்ணாடி யன்னல்களால் மீன்களையும் பவளங்களையும் பார்க்கும் கூடம் இருக்கிறது.

அந்தப் பாலத்தின் அருகே 2018ஆம் ஆண்டு மே மாதம் ஒரு காலைப்பொழுதில் நான் கடலில் இறங்கினேன். நீந்தி, சைக்கிள் ஓடி, பின்னர் கால்களால் ஓடி, மாலை வருமுன் முடிக்க வேண்டிய ஒரு போட்டிக்காக. அந்த நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

மூன்றும் ஒன்றான போட்டி

டிரையத்லன் என்ற விளையாட்டில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் நீச்சல், அடுத்தது சைக்கிள், கடைசியில் ஓட்டம். இடையில் ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்.

இதன் மிகக் கடினமான வடிவத்துக்கு 'அயன்மேன்' என்று பெயர். 1978ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஹவாயில் முதன்முதலாக நடந்தபோது 15 பேர் தொடங்கினார்கள். எல்லோரும் ஆண்கள். அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற பெண் அதை ஓடி முடித்தார். அதற்கு 21 ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லன் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது பெண்களின் போட்டிதான் முதல் நாள் நடந்தது. ஆண்களின் போட்டி மறுநாள்.

நான் கலந்துகொண்டது அதன் பாதித் தூரம். 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். கூட்டினால் 113 கிலோமீற்றர். மைல் கணக்கில் 70.3. அந்த எண்தான் போட்டியின் பெயரிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய், மீண்டும் பளை தாண்டும்வரை திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் ஒரு நீச்சல், அதற்குப் பின் ஓர் ஓட்டம்.

பரிசு வாங்குபவர்கள் நாலு மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு எட்டரை மணித்தியாலம் அவகாசம் உண்டு. அதற்குள்ளும் தவணைகள் இருக்கின்றன. நீச்சலை ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலும் சைக்கிளும் சேர்ந்து ஐந்தரை மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். பிந்தினால் அன்புடன் நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீர் நீட்டிய நாள்

மேற்படிப்புக்காக நான் பேர்த்துக்குப் போனது 2017இல். நீந்தத் தெரியாது. கடற்கரை மாவட்டங்களில் வேலை செய்யும் எனக்கே நீந்தத் தெரியாது என்பது அங்கே பலருக்கு வியப்பாக இருந்தது. எனக்கு வியப்பில்லை. எங்கள் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அலையில் பெண்கள் கூடுதலாக இறந்ததற்கான காரணங்களை அது ஆராய்ந்தது. இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகின்றன என்பதும் அதில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. சமூகவியல் படித்தபோது அந்த வரியைப் பரீட்சைக்காகக் குறித்து வைத்திருந்தேன். பிறகு முல்லைத்தீவுக் கிராமங்களில் வேலை செய்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது. பிள்ளையைக் கையில் வைத்திருந்த தாய், சேலை கால்களைச் சுற்றிய தாய், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி ஓடிய தாய் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது.

அதனால் பேர்த்தில் நகரசபை நீச்சல் தடாகத்தில் வளர்ந்தவர்களுக்கான வகுப்பு இருக்கிறது என்று அறிந்ததும் பெயர் கொடுத்தேன். முதல் நாள் எங்களுக்கு நீந்தப் பழக்கவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடப் பழக்கினார்கள். பயந்தவர்கள் மூச்சை அடக்குகிறார்கள், அதனால்தான் களைக்கிறார்கள் என்றார் பயிற்றுனர். அடுத்த நாள் மல்லாந்து மிதக்கப் பழக்கினார். மூன்று கிழமை கழித்து எனது உடம்பைத் தண்ணீர் தாங்கும் என்பதை நம்பினேன்.

அந்த ஆண்டு டிசெம்பரில் வகுப்புத் தோழிகள் சிலர் பஸ்செல்டனில் நடக்கும் முழுத்தூரப் போட்டிக்குத் தொண்டர்களாகப் போனார்கள். நானும் போனேன். அன்று காலை குடாவில் சுறா ஒன்று காணப்பட்டதால் நீச்சல் பகுதியையே கைவிட்டார்கள். சைக்கிளும் ஓட்டமும் நடந்தன. எனது வேலை, ஓடி வருபவர்களுக்குத் தண்ணீர்க் கோப்பை நீட்டுவது.

பகல் போய் இரவு வந்தது. வேகமாக ஓடியவர்கள் எல்லாம் முடித்துக் குளித்துச் சாப்பிட்டிருப்பார்கள். அப்போதும் இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய ஒரு பெண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கோப்பையை வாங்கினார். "நன்றி, பிள்ளை. நீங்களும் காலையிலிருந்து நிற்கிறீர்கள் போல" என்றார். பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியவர் எனது கால் வலியைக் கேட்டார். அவர் போன பிறகு அடுத்த கோப்பையை நிரப்பிக்கொண்டே அடுத்த மேயில் நடக்கும் பாதித் தூரப் போட்டிக்கு நான் வருவேன் என்று தோழிகளிடம் சொன்னேன்.

செலவும் உடுப்பும்

இது காசுள்ளவர்களின் விளையாட்டு. அதை மறைக்கத் தேவையில்லை. நுழைவுக் கட்டணமே நமது ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடப் போதும். சிலரின் சைக்கிள் ஒரு மோட்டார்க் காரின் விலை. நான் வார இறுதிகளில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்து சேர்த்த பணத்தில் கட்டணம் கட்டினேன். பழைய சைக்கிள் ஒன்றை ஒரு தோழியிடம் குறைந்த விலைக்கு வாங்கினேன்.

உடுப்பைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் முதலில் கேட்டதும் அதைத்தான். குளிர்ந்த கடலில் நீந்துபவர்கள் ரப்பர் போன்ற துணியாலான உடையை அணிகிறார்கள். அது கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிறது. உடம்பை மிதக்கவும் உதவுகிறது. அதை வாடகைக்கு எடுத்தேன். அதற்குள் முழங்கால் மூடும் காற்சட்டையும் கைகளை மூடும் சட்டையும். போட்டி முழுவதும் அந்த உடுப்புத்தான். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எல்லோரும் தமது மூச்சைப் பற்றிய கவலையில் இருந்தார்கள்.

கடல்

அதிகாலை இருட்டில் சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்தி, ரயருக்குக் காற்றுப் பார்த்து, தலைக்கவசத்தைக் கைபிடியில் கொழுவி வைத்தேன். கணுக்காலில் நேரம் குறிக்கும் பட்டி ஒன்றைக் கட்டினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். எல்லோரையும் ஒன்றாகத் தள்ளிவிடவில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை சிலர் சிலராக இறங்கவிட்டார்கள். மெதுவாக நீந்துபவர்கள் வரிசையின் பின்னால் நிற்கலாம். நான் கிட்டத்தட்டக் கடைசியில் நின்றேன்.

தண்ணீர் குளிர்ந்தது. முதல் நூறு மீற்றரில் எல்லாமே மறந்துபோனது. யாரோ ஒருவரின் கால் எனது தோளில் பட்டது. வாய்க்குள் உப்பு. மூச்சு எட்டவில்லை. கரையில் சொல்லித் தந்திருந்தது ஞாபகம் வந்தது. கடலில் ஆங்காங்கே சிறு வள்ளங்களில் காவலர்கள் இருக்கிறார்கள். முடியாவிட்டால் கையை உயர்த்தலாம். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமும் மூச்சு வாங்கலாம். அது குற்றமல்ல. ஒரே ஒரு நிபந்தனை, வள்ளம் உங்களை முன்னுக்கு இழுத்துச் செல்லக் கூடாது.

நான் கையை உயர்த்தினேன். வள்ளத்தில் இருந்த இளைஞன் பக்கத்தில் வந்தான். "ஓடும் பஸ்ஸைப் பிடிக்கவா போகிறீர்கள்? ஆறுதலாக மூச்சு விடுங்கள்" என்றான். அவன் முகத்தில் அவசரம் இல்லை. ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விட்டேன்.

எமது வேலையில் உதவியைப் பற்றி நிறையப் பயிற்சிப் பட்டறைகள் வைக்கிறோம். பிடித்து நிற்க இடம் கொடுப்பது, ஆனால் இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பது என்ற அந்த விதியைப்போல் தெளிவாக எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை.

அதன் பிறகு கைகளை எண்ணத் தொடங்கினேன். பத்து வீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்தி அடுத்த மிதவையைப் பார்ப்பது. பக்கத்தில் பாலத்தின் மரத்தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அடியில் மணல் தெரிந்தது. திரும்பும் மிதவையைச் சுற்றிக் கரையை நோக்கியபோது சூரியன் ஏறியிருந்தது.

அப்போதுதான் புதுக்குடியிருப்புப் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னது நினைவில் வந்தது. நான் வெளிநாடு போகுமுன் பிரியாவிடைக்காகப் பலகாரம் கொண்டுவந்தவர். 2009 மே மாதம் நந்திக்கடலைக் கடந்து வந்தவர்.

"கழுத்து மட்டும் தண்ணி, பிள்ளை. மகளைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான். கீழ என்னத்தை மிதிக்கிறன் எண்டு பாக்கேல்லை. இப்ப கிணத்தடியில வாளி விழுற சத்தம் கேட்டாலும் நெஞ்சு பதறும்."

அவருக்கு மிதவை இல்லை. வள்ளத்தில் ஆறுதல் சொல்ல யாரும் இல்லை. நீந்தவும் தெரியாது. ஆனால் கடந்தார். 58 நிமிடத்தில் நான் கரையேறியபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் பெரும்பங்கு யாருக்கு உரியது என்று எனக்குத் தெரிந்தது.

லேமன் வீதி

சைக்கிள் பகுதிக்கும் விதிகள் உண்டு. தலைக்கவசத்தைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். முன்னால் போகும் சைக்கிளுக்கு 12 மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றைத் தவிர்க்கக் கூடாது. உறைகளை வீதியில் வீசினால் போட்டியிலிருந்து விலக்கப்படலாம்.

பாதை கரையோரமாகக் கிழக்கே வொன்னரப் என்ற இடத்தை நோக்கிப் போய், துவார்ட் மரக்காட்டுக்குள் நுழைகிறது. துவார்ட் என்பது அந்தக் கரையோரத்தில் மட்டும் இயற்கையாக வளரும் ஒருவகை யூக்கலிப்டஸ். சாம்பல் நிறத் தண்டு. உயரமோ பனையை விஞ்சும். தரை மட்டமானது, ஏற்றமே இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. போகும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது முகத்தில் அறைந்தது. என்னை முந்திப் போனவர்களின் சக்கரங்கள் ஹெலிகொப்டர் போல இரைந்தன. எனது பழைய சைக்கிள் கிறீச்சிட்டது.

போட்டிக்கு முன் அந்த ஊரைப் பற்றி வாசித்திருந்தேன். அது வடண்டி மக்களின் நிலம். உப்புநீர் மக்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். நூங்கார் என்ற பெரிய ஆதிக்குடி மக்களின் ஒரு பிரிவினர். 1830களில் ஆங்கிலேயக் குடியேறிகள் அங்கே வந்தார்கள். 1841 பெப்ரவரியில் வொன்னரப்பில் ஜோர்ஜ் லேமன் என்ற குடியேறி, கேவால் என்ற ஆதிக்குடிப் பெரியவரின் தாடியைப் பிடித்தார். அந்த மக்களிடையே அது பெரிய அவமானம். கேவால் ஈட்டியால் குத்தினார், லேமன் இறந்தார். அதற்குப் பழிவாங்கக் குடியேறிகள் கூட்டமாகப் புறப்பட்டுப் பல நாட்கள் ஆதிக்குடி மக்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள். பட்டினத்துக்குப் பெயர் தந்த பஸ்செல் குடும்பமும் அதில் இருந்தது. எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. இறந்த குடியேறியின் பெயரில் அங்கே ஒரு வீதி இருக்கிறது. மற்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தெரியாது.

அந்த லேமன் வீதியில் நான் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு சைக்கிள் ஓடினேன். வீட்டு வாசல்களில் கதிரை போட்டு இருந்தவர்கள் மணி அடித்து உற்சாகப்படுத்தினார்கள். வெயில் இதமாக இருந்தது. இதே நிலத்தில்தான் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உயிருக்காக ஓடினார்கள் என்பதை அந்த மரங்களுக்கிடையே எந்தப் பலகையும் எனக்குச் சொல்லவில்லை.

நாமும் அப்படிப்பட்ட வீதிகளில்தான் நடக்கிறோம். ஏ35 வீதியால் பஸ்ஸில் போகும்போது பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் யன்னலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த வீதியில் பிள்ளைகள் இப்போது பாடசாலைக்குச் சைக்கிள் ஓடுகிறார்கள். சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அது இறந்தவர்களை மறப்பதாகுமா? காட்டுக்குள் அந்த 90 கிலோமீற்றரிலும் இந்தக் கேள்வி என்னோடு வந்தது. மறப்பதாகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடந்தது என்னவென்று ஓடுகிற பிள்ளைக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு சிரிப்பதற்கும் தெரியாமல் சிரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

சைக்கிளுக்கு மூன்று மணி 58 நிமிடம் எடுத்தேன். இடையில் உடை மாற்றிய நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணி ஐந்து நிமிடம். தவணைக்கு 25 நிமிடம் மீதி.

கால்கள்

சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் கால்கள் வேறு யாருடையவோ போல இருக்கும். முதல் ஒரு கிலோமீற்றர் நான் ஓடினேனா தள்ளாடினேனா என்று சொல்ல முடியாது. ஓட்டப்பாதை கடற்கரையோரமாகப் போய்த் திரும்பி வருகிறது. சுற்றுச் சுற்றாக அதிலேயே ஓட வேண்டும். இடைக்கிடை மேசைகளில் தண்ணீர், கோலா, தோடம்பழத் துண்டு, நனைத்த பஞ்சு. ஐந்து மாதத்துக்கு முன் நான் நின்றதுபோல் யாரோ பெண்கள் கோப்பைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மார்பில் கட்டியிருந்த இலக்கத்தின் கீழ் எனது பெயர் அச்சிடப்பட்டிருந்தது. பார்வையாளர்கள் அதை வாசித்துக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தார்கள். எந்த விதத்திலும் அது என்னுடைய பெயர்தான். முகாம்களில் பெயர்ப்பட்டியலுக்காகக் கூப்பிடப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர். பெயரைக் கேட்டால் வயிறு கலங்கிய காலம் ஒன்று இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒரு பெயரை இப்படியும் கூப்பிடலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பதினான்காவது கிலோமீற்றரில் நடக்கத் தொடங்கினேன். கால் விரல்களில் கொப்புளம். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெண், தான் கணவரை இழந்த பிறகு ஐம்பது வயதில் இதைத் தொடங்கியதாகச் சொன்னார். "வீட்டில் இருந்தால் கடிகாரம் சத்தமாக அடிக்கிறது" என்றார். அடுத்த மின்கம்பம் வரை ஓடுவோம், அதற்கடுத்தது வரை நடப்போம் என்று பேசிக்கொண்டோம். அப்படியே மின்கம்பங்களை எண்ணி முடித்தோம். எட்டு மணி இரண்டு நிமிடத்தில் நான் கோட்டைத் தாண்டினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வெகு சிலர். கழுத்தில் போட்ட பதக்கம் முதலில் வந்தவருக்குப் போட்டதேதான். முடித்த எல்லோருக்கும் ஒரே பதக்கம்.

முடியாது என்று சொல்லப்பட்டவர்கள்

இதை வாசிக்கும்போது, கால் இருப்பவளின் கதை இது, எனக்கென்ன என்று நினைக்கும் சகோதரிகள் இருப்பீர்கள். மிதிவெடியிலும் எறிகணையிலும் அவயவம் இழந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பதை அறிந்துதான் எழுதுகிறேன். ஆகவே இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சாரா ரைனர்ட்சன் அமெரிக்கப் பெண். சிறு வயதில் ஒரு கால் அகற்றப்பட்டது. 2004இல் ஹவாயில் முழுத்தூர அயன்மேனைத் தொடங்கினார். சைக்கிள் பகுதியில் தவணை நேரம் கடந்துவிட்டதால் நிறுத்தப்பட்டார். 2005இல் மீண்டும் வந்து, செயற்கைக் காலோடு முடித்தார். காலிழந்த பெண் ஒருவர் அந்தப் போட்டியை முடித்தது அதுவே முதல் தடவை.

மிண்டா டென்ட்லர் மும்பாயில் பிறந்தவர். குழந்தையிலேயே போலியோ நோயால் இரு கால்களும் செயலிழந்தன. அநாதை இல்லத்திலிருந்து அமெரிக்கக் குடும்பம் ஒன்று அவரைத் தத்தெடுத்தது. 2012இல் அவரும் ஹவாயில் சைக்கிள் தவணையைத் தவறவிட்டார். 2013இல் திரும்பவும் போனார். கைகளால் நீந்தினார், கைகளால் மிதிக்கும் வண்டியில் 180 கிலோமீற்றர் ஓடினார், ஓட்டத்துக்குச் சக்கர நாற்காலியைக் கைகளால் தள்ளினார். சக்கர நாற்காலியில் அதை முடித்த முதல் பெண் அவர்.

இருவருக்கும் பயிற்சியாளர், நல்ல கருவி, பணம் எல்லாம் கிடைத்தன. அவை இல்லாத இடத்தில் மனவுறுதி மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். பொருந்தாத செயற்கைக் காலைக் கழற்றி மூலையில் வைத்திருக்கும் பெண்ணிடம் போய் மனவுறுதியைப் பற்றிப் பேசுவது அநியாயம். முதலில் பொருந்தும் காலைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் இருவரும் முதல் தடவை நிறுத்தப்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். வரலாற்றில் இருப்பது அவர்களின் இரண்டாவது வருகை.

நமது கரையில்

நான் ஊர் திரும்பிய பிறகு பதக்கத்தைக் காட்டியபோது பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "இதை வித்தால் எவ்வளவு வரும்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எங்களுக்கும் நீந்தப் பழக்குவீங்களோ?"

நான் பயிற்றுனர் அல்ல. ஆழத்தில் எவரையும் இறக்கும் தகுதி எனக்கில்லை. அனுபவமுள்ள மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவரும் உயிர்காப்புப் பயிற்சி பெற்ற தம்பி ஒருவரும் சேர்ந்து, அலை குறைந்த மாதங்களில் இடுப்பளவு தண்ணீரில் பழக்குகிறார்கள். எங்கள் முறை எளிது. தனியே இறங்குவதில்லை. சேலையோடு இறங்குவதில்லை, காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும். கரையில் ஒருவர் எப்போதும் கயிறோடும் காற்றடித்த ரியூபோடும் நிற்பார். முதல் நாள் மூச்சு விடுவது மட்டும். இரண்டாம் நாள் மல்லாந்து மிதப்பது. நீந்துவது பிறகு. மிதக்கத் தெரிந்தாலே அரைவாசி உயிர் காப்பாற்றப்பட்டதுபோல.

மற்றவர்கள் விடியப்புறம் சைக்கிளில் கடற்கரை வரை போய்த் திரும்புகிறார்கள். சந்தைக்கும் அலுவலகத்துக்கும் போக அல்ல. சும்மா போய் வருகிறார்கள். அந்தச் சும்மா என்ற சொல்லுக்காக வீட்டில் எத்தனை பேர் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது என்பது தனிக் கட்டுரை.

நான் கண்டதை இப்படிச் சொல்லலாம். பஸ்செல்டனில் காசு கட்டிச் செய்த மூன்று காரியங்களையும் நமது பெண்கள் முன்பே செய்துவிட்டார்கள். தண்ணீரைக் கடந்தார்கள். பிள்ளையை முன்னாலும் மூட்டையைப் பின்னாலும் வைத்துச் சைக்கிள் உருட்டினார்கள். ஓடினார்கள். தூரம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, முடிவுக்கோடு எங்கே என்று தெரியவில்லை, வழியில் தண்ணீர் நீட்ட ஒருவரும் இல்லை. அந்த உடம்புகளுக்கு மீண்டும் தண்ணீரையும் வீதியையும் பயமில்லாமல் கொடுக்க முடியுமா என்பதுதான் எனது அக்கறை. முழுவதும் முடியாது. கொஞ்சம் முடிகிறது.

புதுக்குடியிருப்புப் பக்கத்து அக்கா முதல் ஆறு கிழமையும் கரையில் பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலிருந்தார். தண்ணீர்ப் பக்கம் வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. ஏழாவது கிழமை, பன்னிரண்டு வயதைத் தாண்டிய அவருடைய மகள், ஒரு காலத்தில் தலைக்கு மேல் தூக்கப்பட்ட அதே மகள், மல்லாந்து மிதந்துகொண்டு "அம்மா, இஞ்ச பாருங்கோ" என்று கத்தினாள். அக்கா எழும்பினார். சீலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். முழங்கால் மட்டும் வந்து நின்றார்.

"இண்டைக்கு இவ்வளவும் போதும்" என்றார். "வாற கிழமை காற்சட்டை ஒண்டு தைச்சுக்கொண்டு வாறன்."